பல பேர் எழுதலாம், ஒருவர்தான் உரிமையாளர்: வேர்ட்பிரஸ் மல்டிசைட்டை ஒரு லேப் கணினியில் நிறுவிப் பார்த்த குறிப்புகள்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் தமிழ் முதுகலை படிக்கும் மாணவிகள் 14 பேர், ஆளுக்கொரு கிராமத்தை எடுத்துக்கொண்டு களப்பணி செய்துகொண்டிருந்தார்கள். வயல் வேலைச் சொற்கள், தாலாட்டு, கோயில் கொடை நடக்கும் முறை, இப்படி ஆளுக்கு ஒரு நோட்டு நிறையச் செய்தி. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “ஆளுக்கொரு வலைப்பதிவு இருந்தா நல்லாருக்கும் சார். ஆனா லேப்ல நெட் எப்ப வரும், எப்ப போகும்னு சொல்ல முடியாது.”

“அதுக்கென்ன மேடம், லேப்லயே ஒரு கம்ப்யூட்டர்ல வேர்ட்பிரஸ் மல்டிசைட் போட்டுடலாம். ஒரே நிறுவல், 14 பதிவு. ஒரு மத்தியானம் போதும்” என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு. அதற்கு முன் தனி வேர்ட்பிரஸை எத்தனையோ முறை என் மடிக்கணினியில் நிறுவியிருக்கிறேன். ‘ஐந்தே நிமிட நிறுவல்’ என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் உண்மைதான். அந்தத் தைரியத்தில் சொன்னது. ஒரு மத்தியானம் என்றது ஐந்து சனிக்கிழமைகள் ஆச்சு.

எப்படி நிறுவுவது என்று படிப்படியாகச் சொல்லித் தர ஏகப்பட்ட பக்கங்கள் இருக்கின்றன, இங்கே அதைச் செய்யப்போவதில்லை. அந்த ஐந்து சனிக்கிழமைகளில் எனக்குத் தோன்றிய ஒரு விமர்சனத்தை எழுதிவைக்கிறேன். ‘பல பயனர்’ என்ற பெயரோடு பிறந்த இந்த மென்பொருளுக்கு, பயனர் யார் என்பதில் தீர்மானமான ஒரு கருத்து இருக்கிறது. அதன் கணக்கில் பயனர் என்பவர், அதை நிறுவியவர். மற்றவர்கள் குடியிருப்பவர்கள். வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கில் நிறுவும்போது இது அவ்வளவாகக் கண்ணில் படாது. சொந்தக் கணினியில், எல்லா நாற்காலியிலும் மாறி மாறி நாமே உட்கார்ந்து பார்க்கும்போது பளிச்சென்று தெரிகிறது.

கொஞ்சம் வம்சாவளி. பி2 என்று ஒரு சிறிய பிஎச்பி நிரல் இருந்தது. அதிலிருந்து பிரிந்து 2003 மே மாதம் வந்தது வேர்ட்பிரஸ். அதே பி2விலிருந்து பிரிந்த இன்னொரு கிளை பி2எவல்யூஷன். மூன்றாவதாக டானக்கா ஓ’கீவ் என்ற அயர்லாந்துக்காரர் பல பதிவுகளுக்காக பி2++ என்று ஒன்று செய்தார். அது பிறகு வேர்ட்பிரஸோடு சேர்ந்து ‘வேர்ட்பிரஸ் எம்யூ’ ஆனது. எம்யூ என்றால் மல்டி யூசர். வேர்ட்பிரஸ்.காம் 2005இல் எழுந்து நின்றது அதன் மேல்தான். 2010 ஜூனில் 3.0 பதிப்பு வந்தபோது எம்யூவைத் தனியாக வைக்காமல் மூல நிரலுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். கூடவே பெயரையும் ‘மல்டிசைட்’ என்று மாற்றினார்கள்.

அந்தப் பெயர் மாற்றம் நேர்மையான காரியம் என்றே சொல்வேன். யோசித்துப் பாருங்கள், சாதாரண வேர்ட்பிரஸே பல பயனர் மென்பொருள்தான். நிர்வாகி, ஆசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என்று ஐந்து படிநிலை அதிலேயே உண்டு. 14 பேரை எழுத்தாளர்களாகச் சேர்த்தால் 14 பேரும் எழுதலாம். எம்யூ கூடுதலாகக் கொடுத்தது பல தளங்களை. ஆனால் பெயரை மாற்றியவர்கள் உள்ளே இருந்த சாமான்களை மாற்றவில்லை. முன்பு ‘பிளாக்’ என்றதை இப்போது ‘சைட்’ என்கிறார்கள், முன்பு ‘சைட்’ என்றதை ‘நெட்வொர்க்’ என்கிறார்கள். தரவுத்தளத்தைத் திறந்தால் ‘பிளாக்ஸ்’ என்ற அட்டவணையில் சைட்டுகள் உட்கார்ந்திருக்கும், ‘சைட்’ என்ற அட்டவணையில் நெட்வொர்க் உட்கார்ந்திருக்கும். முதல் சனிக்கிழமை முழுக்க இந்தப் பெயர்க் குழப்பத்தில் போனது. பழைய வீட்டு எண், புதிய வீட்டு எண் இரண்டும் தொங்கும் நம்மூர்த் தெருக்களில் தபால் கொடுக்கிறவர்களுக்கு இது புரியும்.

நிறுவலுக்கு வருவோம். ஸாம்ப் போட்டேன். அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவது அது. வேர்ட்பிரஸை எப்போதும் போல நிறுவியாச்சு. அதன் கான்ஃபிக் கோப்பில், ‘இதற்குக் கீழே கைவைக்காதே’ என்ற பொருளில் ஒரு குறிப்பு வரி இருக்கும். அதற்கு மேலே, மல்டிசைட்டை அனுமதி என்று ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் கருவிகள் பட்டியில் ‘நெட்வொர்க் அமைப்பு’ என்று ஒரு புதிய கதவு முளைக்கும். இதைக் கவனியுங்கள்: இவ்வளவு பெரிய வசதிக்கு முன்வாசலில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. கோப்பைத் திறந்து எழுதத் தெரிந்தவருக்குத்தான் கதவே தெரியும். தெரியாத்தனமாக அழுத்திவிடக் கூடாது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம், நியாயம்தான். ஆனால் இந்த வீடு யாருக்காகக் கட்டப்பட்டது என்பதற்கு இதுவே முதல் தடயம்.

கதவைத் திறந்ததும் அது முகத்தில் அறைந்தது. லேப் கணினியில் வேறு ஏதோ ஒரு நிரல் 80ஆம் போர்ட்டைப் பிடித்து வைத்திருந்ததால், நான் அப்பாச்சியை 8080க்கு மாற்றியிருந்தேன். தனி வேர்ட்பிரஸ் அதைப் பற்றிக் கவலையே படாது. மல்டிசைட்டோ, நான் போட்ட பதிப்பில், முகவரியில் போர்ட் எண் இருந்தால் நெட்வொர்க் அமைக்கவே முடியாது என்று சொல்லிவிட்டது. சரி, 80ஐப் பிடித்திருந்த நிரலைக் கண்டுபிடித்து நிறுத்தினேன்.

அடுத்த கேள்வி: துணை டொமைனா, துணை அடைவா? முதலாவது, ஒவ்வொரு பதிவுக்கும் தெருவில் தனி வாசல். இரண்டாவது, ஒரே வாசல், உள்ளே தனித்தனி அறை. எனக்குத் தனி வாசல் வேண்டும் என்று ஆசை. முகவரி வெறும் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த ஆசைக்கு இடமே இல்லை. ஐபி எண்ணை முகவரியாக வைத்தாலும் இல்லை. துணை அடைவு மட்டும்தான். கற்பனையாக ஒரு டொமைன் பெயரை வைத்து, விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ‘எல்லாத் துணை டொமைனும்’ என்று ஒரே வரியில் எழுத வழியில்லை, ஒவ்வொன்றாகத்தான் எழுத வேண்டும். லேப்பில் 20 கணினி. 14 பதிவு, ஒரு முதன்மைத் தளம். 20 கணினியிலும் 15 பெயர்கள், மொத்தம் 300. அந்த வேலைக்கு நான் ஆளில்லை.

(நடுவில் ஒரு பேச்சு. கற்பனை டொமைன் வைப்பதாக இருந்தால் .டெவ் என்று முடியும் பெயரை வைக்காதீர்கள். முன்பெல்லாம் எல்லோரும் அதைத்தான் வைத்தோம். அது கூகுளுக்குச் சொந்தமான உண்மையான டொமைன். 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 முதல், .டெவ் என்று முடியும் எதையும் பாதுகாப்பான இணைப்பில்தான் திறப்பேன் என்று உலாவி அடம்பிடிக்கிறது. சோதனைக்கென்றே 1999இல் ஒதுக்கிவைத்த .டெஸ்ட் இருக்கிறது, அதை வைத்தால் வம்பில்லை.)

ஆக, துணை அடைவு. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. துணை அடைவு நெட்வொர்க்கில் முதன்மைத் தளத்தின் பதிவு முகவரிகளுக்கு நடுவே ‘பிளாக்’ என்று ஒரு சொல்லை வேர்ட்பிரஸ் தானாகச் செருகிவிடும். முதன்மைத் தளத்தின் ஒரு பக்கத்துக்கும் ஒரு மாணவியின் பதிவுக்கும் ஒரே பெயர் வந்து மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஏற்கெனவே ஒரு மாதத்துக்கு மேல் பழைய பதிவுகள் இருக்கிற தளம் என்றால் துணை அடைவைத் தரவே மாட்டேன் என்கிறது, அதுவும் இதே மோதலுக்குப் பயந்துதான். பல பேர் குடியேறுவார்கள் என்று தெரிந்து போட்ட அஸ்திவாரம் இல்லை இது. ஒற்றைக் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் பிறகு தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

ஒருவழியாக எல்லாம் முடிந்து, என் முன்னால் இருந்த கணினியில் 14 பதிவும் ஜம்மென்று திறந்தன. மாணவிகளைக் கூப்பிட்டு, இந்தக் கணினியின் ஐபி எண்ணை உங்கள் உலாவியில் அடியுங்கள் என்றேன். அடித்தார்கள். 19 கணினியிலும் பிழை. முகவரிப் பட்டையைப் பார்த்தால், அடித்த எண்ணைக் காணோம், ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று மாறியிருக்கிறது. விஷயம் இதுதான். வேர்ட்பிரஸ் தன் முகவரியைத் தரவுத்தளத்தில் எழுதிவைத்துக்கொள்ளும். வேறு பெயரைச் சொல்லி வருகிறவரை, ‘என் பெயர் அதில்லை, இதுதான்’ என்று எழுதிவைத்த பெயருக்குத் திருப்பி அனுப்பும். எழுதிவைத்த பெயர் லோக்கல்ஹோஸ்ட். அந்தப் பெயருக்கு எந்தக் கணினியிலும் ஒரே அர்த்தம், ‘நான்’. ஆகவே ஒவ்வொரு கணினியும் தன்னிடமே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். லோக்கல்ஹோஸ்டில் நிறுவிவிட்டு ஊரைக் கூப்பிட்டது நான்தான். ஆனால், ‘பல பேருக்கான நெட்வொர்க் அமைக்கப் போகிறீர்கள், உங்கள் முகவரியை இந்த ஒரு கணினியைத் தவிர யாரும் பார்க்க முடியாது’ என்று அந்த நெட்வொர்க் அமைப்புப் பக்கம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். லோக்கல்ஹோஸ்ட் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்ததால்தான் துணை டொமைனை மறுத்தது. மறுக்கத் தெரிந்ததற்கு எச்சரிக்கத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 192.168.1.7 என்ற ஐபி எண்ணையே முகவரியாக வைத்து மறுபடி நிறுவினேன். 20 கணினியிலும் திறந்தது. கைதட்டல். மேடம் எல்லோருக்கும் டீ, வடை வாங்கிக் கொடுத்தார். ரூட்டரில் அந்த எண்ணை நிலையாக ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது வடை சாப்பிடும்போது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனால், அந்தக் கணினிக்கு ரூட்டர் கொடுத்திருந்த எண் 12. மாணவிகள் அந்த வாரம் முழுக்க எழுதிய எதையும் திறக்க முடியவில்லை. புது எண்ணை அடித்தால் பழைய எண்ணுக்குத் துரத்துகிறது, பழைய எண்ணிலோ வேறு ஏதோ ஒரு கணினி சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான் பதற்றத்தில் கான்ஃபிக் கோப்பில் மட்டும் எண்ணை மாற்றினேன். இப்போது திரையில் வந்த தலைப்பு: ‘தரவுத்தள இணைப்பை ஏற்படுத்துவதில் பிழை’.

பின்னால் நின்ற மாணவி ஒருத்தி, “எல்லாம் போச்சா சார்?” என்று கேட்டாள். அவள் குரலை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. ஒரு வாரம் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டியிருக்கிறாள். நான் இரண்டு மணி நேரம் மரியாடிபியோடு மல்லுக்கட்டினேன். கடவுச்சொல்லைச் சரிபார்த்தேன், சர்வரை நிறுத்தி ஓட்டினேன், பிஎச்பிமைஅட்மினில் போய்ப் பார்த்தேன். தரவுத்தளம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது, எல்லாப் பதிவும் பத்திரமாக உள்ளே.

உண்மையில் இணைப்பில் எந்தப் பிழையும் இல்லை. தரவுத்தளத்தோடு இணைந்து, ‘பிளாக்ஸ்’ அட்டவணையைத் திறந்து, அதில் 192.168.1.12 என்று யாராவது இருக்கிறார்களா என்று தேடி, இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தத் தலைப்பை மல்டிசைட் காட்டுகிறது. தளம் கிடைக்கவில்லை என்பதற்கும் தரவுத்தளம் கிடைக்கவில்லை என்பதற்கும் ஒரே தலைப்பு. இந்த விமர்சனத்தில் வேறு எதை நீங்கள் மன்னித்தாலும் இதை மன்னிக்காதீர்கள். பிழைச் செய்தி என்பது மென்பொருள் கஷ்டத்தில் இருக்கும் மனிதரோடு பேசுகிற ஒரே இடம். அங்கே அது தவறான திசையைக் காட்டினால், வேறெங்கே சரியாக இருந்து என்ன பயன்?

முகவரியை மாற்றுவதும் ஒரே இடத்தில் முடிகிற வேலை இல்லை. ‘பிளாக்ஸ்’ அட்டவணையில் 15 வரி, ‘சைட்’ அட்டவணையில் ஒரு வரி, ஒவ்வொரு தளத்தின் ஆப்ஷன்ஸ் அட்டவணையிலும் இரண்டிரண்டு, போதாததற்குப் பதிவுகளுக்குள் செருகிய ஒவ்வொரு படத்தின் இணைப்பிலும் முழு முகவரி. எல்லாவற்றையும் எஸ்க்யூஎல்லில் ஒரே வீச்சில் தேடி மாற்றலாம் என்றால், அதிலும் கண்ணிவெடி உண்டு. சில அமைப்புகளை பிஎச்பி ஒரு தினுசாக மடித்துச் சேமிக்கிறது. ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அதன் நீளமும் எழுதியிருக்கும். 1.7 என்பது 1.12 ஆனால் ஓர் எழுத்து கூடுகிறது, நீளம் பொருந்தாமல் அந்த அமைப்பே படிக்க முடியாததாகிவிடும். இதை ஒழுங்காகச் செய்ய டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவியில் தேடி-மாற்றும் வசதி இருக்கிறது, முழு நெட்வொர்க்குக்கும் ஒரே கட்டளை. நல்ல கருவி. அது இருப்பதே எனக்கு அன்று சாயந்திரம்தான் தெரிந்தது.

இனிப் பெயர் விவகாரம். இது தமிழில் எழுதுகிறவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். மல்டிசைட்டில் பயனர் பெயர் சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், குறைந்தது நான்கு எழுத்து. உமா, அனு என்றெல்லாம் பெயர் இருந்தால் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, உள்ளே வர முடியாது. பின்னால் ஒரு எண்ணையோ இனிஷியலையோ ஒட்டிக்கொள்ள வேண்டும். பதிவின் முகவரிக்கும் இதே மாதிரிதான். பதிவரே பதிவுசெய்தால் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான், இணைப்புக்கோடுகூடக் கூடாது. அதே பதிவை சூப்பர் அட்மின் தன் பக்கத்திலிருந்து உருவாக்கினால் இணைப்புக்கோடு போடலாம். ஒரு கோட்டில்கூட முதலாளிக்கு ஒரு சட்டம், குடியிருப்பவருக்கு ஒரு சட்டம்.

தளத்தின் தலைப்பும், வெளியே தெரிகிற எழுத்தாளர் பெயரும் தமிழில் தாராளமாக வைக்கலாம், அதில் குறை சொல்ல முடியாது. பதிவின் முகவரித் துண்டும் தமிழில் வரும், ஆனால் அதற்கு 200 என்று ஓர் எல்லை. தமிழின் ஒவ்வொரு குறியையும் முகவரிக்காக மாற்றும்போது 9 இடம் பிடிக்கும், புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனித்தனியாக ஒன்பது. ஆக, சுமார் 22 குறியோடு முகவரி முடிந்துபோகும். ‘எங்கள் ஊர்க் குளத்தில் மீன்பிடித் திருவிழா’ என்று ஒரு பதிவு. அதன் முகவரி ‘எங்கள்-ஊர்க்-குளத்தில்-ம’ என்று நின்றது. திருவிழாவும் இல்லை, மீனும் இல்லை. ஆங்கிலத்தில் 200 என்றால் ஒரு பத்தியே எழுதலாம். இது மல்டிசைட்டின் குறை அல்ல, வேர்ட்பிரஸ் முழுக்கவே உள்ளது. இங்கே சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வது என்று சொல்லிவைக்கிறேன்.

மாணவிகளே பதிவுசெய்துகொள்ளட்டும் என்று விட்டதும் அடுத்த முட்டுக்கட்டை. பதிவுசெய்தால் மின்னஞ்சலில் ஓர் உறுதி இணைப்பு வரும், அதை அழுத்தினால்தான் கணக்கு உயிர் பெறும். லேப் கணினியிலிருந்து மின்னஞ்சல் போக வழியே அமைக்கவில்லை. வராத மின்னஞ்சலுக்குக் காத்திருந்தார்கள். அந்த உறுதிச் சாவிகள் எல்லாம் ‘சைன்அப்ஸ்’ என்ற அட்டவணையில் அப்படியே எழுதிவைத்திருப்பதைக் கண்டுபிடித்து, நான் ஒவ்வொன்றாக நகலெடுத்து உலாவியில் ஒட்டித் திறந்தேன். உறுதி மின்னஞ்சல் வேண்டாம் என்று டிக் செய்து நேரடியாகச் சேர்க்கவும் வழி உண்டு. சூப்பர் அட்மினுக்கு மட்டும்.

இந்த சூப்பர் அட்மின்தான் மல்டிசைட்டின் மையம். மாணவி தன் பதிவுக்கு ‘நிர்வாகி’ என்று அழைக்கப்படுகிறாள். ஆனால் அவளால் ஒரு பிளக்இன் நிறுவ முடியாது, ஒரு தீமைக் கொண்டுவர முடியாது. தன் பதிவில் கட்டற்ற எச்டிஎம்எல் எழுதவும் முடியாது. ஒரு மாணவி தன் ஊர் வரைபடத்தை ஐஃப்ரேமாக ஒட்டினாள். சேமித்தாள். காணோம். மறுபடி ஒட்டினாள். காணோம். நான் வந்து ஒட்டினேன், இருந்தது. “நீங்க செஞ்சா மட்டும் எப்படி சார் வருது?” என்றாள். அனுமதி இல்லாததைச் சேமிக்கும்போது மல்டிசைட் சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெட்டினேன் என்றுகூடச் சொல்லாது.

வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே முகவரிக்குக் கீழே எல்லோரும் இருக்கிறார்கள், ஒருவர் ஒட்டும் நிரல் இன்னொருவரின் உள்நுழைவைத் திருடலாம். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் வந்து பதிவு தொடங்கும் சேவைக்கு இது அவசியம். ஆனால் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே டீயைப் பகிர்ந்து குடிக்கும் 14 பேருக்கும் அதே சந்தேகக் கண்தான். நடுவில் ஒரு நிலை இல்லை. ஒன்று முழு அதிகாரம், அல்லது தலைப்பையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ளும் அதிகாரம்.

சரி, இதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக 10 அட்டவணை வைப்பது மல்டிசைட்டின் முறை. எங்கள் தரவுத்தளத்தில் 14 பதிவுக்கு 140, முதன்மைத் தளத்துக்கு 10, பயனருக்குப் பொதுவாக 2, நெட்வொர்க் கணக்குக்கு 6, மொத்தம் 158. தனி வேர்ட்பிரஸில் 12தான். மூவபிள் டைப் போன்றவை வேறு வழியில் போயின. எல்லாப் பதிவும் ஒரே அட்டவணையில், எந்த வலைப்பதிவைச் சேர்ந்தது என்று பக்கத்தில் ஒரு எண். பி2எவல்யூஷனிலும் எல்லா வலைப்பதிவுக்கும் ஒரே அட்டவணைத் தொகுதிதான். பார்க்க அழகான முறை. ஆனால் வேர்ட்பிரஸ் முறையில், தனித் தளத்துக்கு எழுதிய பிளக்இன்களில் பெரும்பாலானவை மாற்றமே இல்லாமல் ஓடும். தளங்கள் லட்சக்கணக்கில் பெருகினால் அட்டவணைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துப் போடலாம். ஒரு பதிவை நீக்கினால் அதன் 10 அட்டவணை மட்டும் போகும், மற்றவர் மேல் தூசுகூடப் படாது. 158 என்ற எண் பயமுறுத்தினாலும், அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் வருத்தமே, இவ்வளவு அழகாகப் பிரித்துவைத்தவர்கள் வெளியேறும் வழியை வைக்கவில்லையே என்பதுதான். வருஷக் கடைசியில் அந்த வரைபட மாணவிக்கு வேலை கிடைத்தது. தன் பதிவை இணையத்தில் தனித் தளமாகப் போட ஆசைப்பட்டாள். அவள் கையில் இருந்தது ‘ஏற்றுமதி’ பொத்தான். அழுத்தினாள், ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு வந்தது. பதிவு, பக்கம், மறுமொழி, வகைகள் எல்லாம் அதில் உண்டு. படங்கள் மட்டும் இல்லை, படங்களின் முகவரிகள்தான் உண்டு. புதுத் தளம் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த முகவரி எங்கள் லேப்பின் உள்முகவரி. வெளியூரில் இருக்கும் எந்த சர்வர் அதைத் தேடி வரும்? இரவில் போன் செய்தாள். “எழுத்தெல்லாம் வந்துருச்சு சார், ஒரு படம்கூட வரலை.”

அவளுடைய 10 அட்டவணைகளையும் அப்படியே எடுத்துக் கொடுக்கலாமே என்று உட்கார்ந்தேன். முடியும். அட்டவணைப் பெயர்களில் இருக்கும் தள எண்ணை நீக்க வேண்டும். ஆப்ஷன்ஸுக்குள் பயனர் படிநிலை என்ற ஒரு வரியின் பெயரிலும் அந்த எண் ஒளிந்திருக்கும், அதையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தன் தளத்துக்குள்ளேயே அவளுக்கு அனுமதி இல்லை என்று வரும். பயனர் அட்டவணை எல்லோருக்கும் பொது என்பதால், அதிலிருந்து அவள் ஒருத்தியின் வரியை மட்டும் பிய்த்தெடுக்க வேண்டும். இவ்வளவும் செய்யலாம், சூப்பர் அட்மின் மனசு வைத்தால். அவளே செய்துகொள்ள முடியாது. அவளுக்கு வேர்ட்பிரஸ்.காமில் ஒரு சாதாரணப் பதிவு போதும் என்பதால் அதையும் விட்டுவிட்டோம். அங்கே அட்டவணையைக் கொண்டுபோய்க் கொட்ட இடம் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி வந்தாள். லேப் கணினியில் ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் ‘சைட்ஸ்’, அதற்குள் 2, 3, 4 என்று வரிசையாக எண்கள். எந்தப் பெயரும் இல்லை. பிளாக்ஸ் அட்டவணையைப் பார்த்து, 9ஐத் திறந்தேன்.

“ஒன்பதுன்னா நானா சார்?”

“ஆமாம்மா.”

முதல் படத்தில் அவள் பாட்டி நாற்றங்கால் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். மொத்தம் 61 படம். பென்டிரைவில் ஏற நாலு நிமிஷம் ஆச்சு. ஒவ்வொன்றையும் புதுத் தளத்தில் ஏற்றி, அந்தந்தப் பதிவில் அந்தந்த இடத்தில் திரும்ப வைக்க அவளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனதாகப் பிறகு சொன்னாள்.